ஓடும் தண்ணீருக்கு வேலி

கொலராடோ மாநிலத்தின் அரசியல் சட்டம் 1876இல் எழுதப்பட்டது. இயற்கையாக ஓடும் ஓடைகளில், அதுவரை யாரும் பயனுக்கு எடுத்துக்கொள்ளாத தண்ணீரெல்லாம் பொதுமக்களின் சொத்து என்று அதில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் திரியும் டிரவுட் மீன் மாநிலத்தின் சொத்து. ஆனால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் பெரும்பாலும் கரையில் நிலம் வைத்திருப்பவருடையது. தனியார் நிலத்தின் ஊடே போகும் ஓடையில் இறங்கி நின்றால், உடம்பெல்லாம் பொதுச்சொத்தில் இருக்கும், பாதம் மட்டும் அத்துமீறிக்கொண்டிருக்கும்.

நான் டென்வருக்குத் தெற்கே குடியிருக்கிறேன். டிரவுட் பிடிக்க மலையேறுவது என் வாழ்க்கையின் பாதி என்றே சொல்லலாம். மீன்பிடி கிளப் ஒன்றில் உறுப்பினராகவும் இருக்கிறேன். ஒருமுறை கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரைக் கூட்டிப்போனேன். ரான்ச் (மாட்டுப் பண்ணை) வாசலில் இறங்கி, கிளப் அனுப்பியிருந்த எண்ணைப் போட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது கேட்டார்: “ஏனுங்ணா, ஓடற தண்ணிக்குக்கூட இங்க ஓனர் இருக்காங்களா?”

“தண்ணிக்கு இல்ல தம்பி. தரைக்கு.”

“அப்ப மீனு?”

“மீனு கவர்மென்டோடது.”

“அப்புறம் யாருக்குங்ணா நீங்க காசு கட்டுனீங்க?”

அன்றைக்கு நடந்துகொண்டே ஏதோ சொன்னேன். அவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

கிளப் என்றால் தேக்கு மேசையும் சுவரில் மான் தலையும் உள்ள கட்டடம் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்படிப்பட்டவை உண்டு. ராக்கி மலைப் பக்கத்துக் கிளப்புகளில் பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. அவர்கள் கையில் இருப்பது குத்தகை ஒப்பந்தங்கள். மாடு வளர்க்கும் ரான்ச்காரரிடம் போய், உங்கள் நிலத்தில் ஓடும் இரண்டு மைல் ஓடையில் எங்கள் ஆட்கள் மட்டும் தூண்டில் போடட்டும், ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு தருகிறோம் என்று பேசி முடிக்கிறார்கள். இப்படிப் பல ரான்ச்சுகளைச் சேர்த்து ஒரு பட்டியல் ஆக்குகிறார்கள். உறுப்பினர் சேரும்போது ஒரு தொகை, வருஷச் சந்தா ஒரு தொகை, அதற்குமேல் போகிற ஒவ்வொரு நாளுக்கும் ‘ராட்’ கட்டணம். ஒரு ராட் என்றால் ஒரு தூண்டில்காரர். இந்த ஓடைத் துண்டில் நாளொன்றுக்கு மூன்று ராட், அந்தத் துண்டில் நான்கு ராட் என்று வரம்பு இருக்கும். முன்பதிவு செய்தால் வரைபடமும் கேட் எண்ணும் வந்துசேரும். வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது, எந்தக் காளையின் பக்கம் போகக் கூடாது என்பதுவரை எழுதியிருப்பார்கள். எதிர்முள் இல்லாத கொக்கி, செயற்கைப் பூச்சி மட்டும், பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். நல்ல துண்டுகளில் என் கிளப்பின் ஒரு நாள் ராட் கட்டணம், வருஷம் முழுவதும் பொது ஆறுகளில் மீன் பிடிக்க மாநிலம் தரும் உரிமத்தின் விலையைவிட அதிகம். அந்த உரிமமும் கையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் மீன் அரசாங்கத்தினுடையது.

நம் ஊர்க்காரர்களுக்குக் குத்தகை புதிதல்ல. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கு மீன்பாசி ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் குஞ்சு விடுவார், காவல் போடுவார், பிடித்து விற்பார். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றியதும் பல ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக உள்ளே இறங்கும். அன்றைக்கு யாருக்கும் தடை இல்லை, கிடைத்தது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. குத்தகையும் உண்டு, குத்தகை கலைகிற ஒரு நாளும் உண்டு. கண்மாய் யாருடையது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் கண்ணால் தெரிந்துவிடும். கொலராடோவின் ஓடைகளுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை.

பாதம் அத்துமீறுகிறது என்று எழுதியது பேச்சுக்காக அல்ல. 1976இல் சிலர் மிதவைகளில் கொலராடோ ஆற்றில் இறங்கினார்கள். கிராண்ட் கவுன்ட்டியில் ஒரு மாட்டுப் பண்ணையின் நிலத்தைத் தாண்டும்போது மிதவைகள் அங்கங்கே ஆற்றுத் தரையைத் தொட்டன. அவர்கள்மேல் அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. எம்மர்ட் வழக்கு என்று இங்கே எல்லாத் தூண்டில்காரருக்கும் தெரியும். மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் தண்டனையை உறுதி செய்தது. தண்ணீர் மக்களுடையது என்று அரசியல் சட்டம் சொல்வது பாசனம் போன்ற பயன்பாட்டுக்குத்தான், பொழுதுபோக்குக்காக அடுத்தவர் நிலத்தின்மேல் போக அது உரிமை தராது என்பது தீர்ப்பின் சாரம். பிறகு 1983இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஒரு கருத்துரை வெளியிட்டார்: தரையையும் கரையையும் தொடாமல் மிதந்து போவது குற்றமாகாது என்று. அன்றிலிருந்து படகுக்காரர் போகலாம், நங்கூரம் போடக் கூடாது. பாறையில் மோதினால் துடுப்பை ஊன்றித் தள்ளுவதே சந்தேகத்துக்குரிய காரியம். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மீன் பிடிப்பவருக்கு அந்தக் கருத்துரையால் எந்தப் பயனும் இல்லை. சின்ன மலையோடைகளில் படகு போகவும் போகாது. ஆக, சின்ன ஓடை என்றால் வேலிதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு நியாயம் பேச எனக்கு மனமில்லை. அது அவ்வளவு அழகு.

சவுத் பார்க் என்பது ஒன்பதாயிரம் அடிக்கு மேலே, நாலாபுறமும் மலை சூழ விரிந்து கிடக்கும் புல்வெளி. அதில் பாம்பு போல நெளிந்து ஓடும் ஓடைகள் சில இடங்களில் தாண்டிக் குதிக்கும் அகலமே இருக்கும். ஆனால் வளைவுகளில் தண்ணீர் கரையைக் கீழே குடைந்து வைத்திருக்கும். மேலே புல் தொங்க, அடியில் இருட்டான பொந்து. பெரிய பிரவுன் டிரவுட் பகலில் அங்கேதான் கிடக்கும். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே தலை வைத்து நிற்கும், தண்ணீர் இரையைக் கொண்டுவந்து வாயருகே கொடுக்கும். அதனால் ஆள் கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும், மீனின் முதுகுப் பக்கமாக. நிமிர்ந்து நடக்கக் கூடாது, நிழல் தண்ணீரில் விழக் கூடாது, கரையில் கால் அழுத்தி வைத்தால் அதிர்வு மண் வழியே மீனுக்குப் போய்விடும். ஆகஸ்டில் வெட்டுக்கிளிகள் காற்றில் தடுமாறி ஓடையில் விழும். இறகும் ரோமமும் வைத்துக் கட்டிய வெட்டுக்கிளியை ஒரு சாண் தள்ளி மெதுவாக விழவைத்து, தூண்டில் நரம்பு இழுபடாமல் தண்ணீரின் வேகத்திலேயே வரவிட்டால், பொந்திலிருந்து ஒரு மஞ்சள் நிழல் கழன்று வரும். அது அவசரப்படாது. பூச்சிக்குக் கீழேயே கொஞ்சதூரம் பின்வாங்கி நீந்திப் பார்க்கும். அந்த நேரத்தில் மூச்சு விடுவதுகூட மறந்துபோகும்.

பொது ஆற்றில் இது கிடைக்காது என்பதல்ல. டென்வரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் சவுத் பிளாட் ஆறு இருக்கிறது. டெக்கர்ஸ், சீஸ்மன் பள்ளத்தாக்கு, லெவன் மைல் பள்ளத்தாக்கு, பெரும்பாலும் பொது நிலம். சனிக்கிழமை காலையில் போனால் ஒவ்வொரு மடுவுக்கும் ஒருவர் நிற்பார். அங்கே இருக்கும் மீன்கள் ஒரே நாளில் பலருடைய பூச்சியைப் பார்த்துப் பார்த்துப் படித்தவை, அரிசி மணி அளவுள்ள பூச்சியைக்கூட நரம்பின் தடிமன் பார்த்துத்தான் தொடும். அந்தக் கூட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் என்னைப் போன்றவர்கள் கிளப்புக்குப் போகிறோம். மூன்று ராட் என்றால் மூன்றே பேர். ஒரு துண்டில் இரண்டு நாள் யாரும் வராமல் இருந்தால் மீன் நிம்மதியாக இரை எடுக்கும்.

கிளப் பணத்தால் ஓடைக்கு நல்லது நடப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாடுகள் ஓடைக்கரைக்கு வந்தால் மண் சரியும், அடியில் சேறு படியும், முட்டை பொரிய வேண்டிய சரளைக்கல் இடுக்குகள் அடைபடும். கரையில் வில்லோ புதர் இல்லாவிட்டால் நிழல் இல்லை, தண்ணீர் சூடேறும். 20 டிகிரியை நெருங்கினால் டிரவுட் திணற ஆரம்பிக்கும், அப்போது பிடித்துவிட்டால் விட்டபிறகும் செத்துப்போகக்கூடும், அதனால் பையில் வெப்பமானி வைத்திருப்பது வழக்கம். ராட் பணம் வர ஆரம்பித்ததும் மாட்டை ஓடையிலிருந்து தள்ளி வேலி போட்ட ரான்ச்சுகள் உண்டு. சில வருஷத்தில் வில்லோ தானாக எழும்பிவிட்டது. ஒரு ரான்ச்சில் வயதான அம்மா ஒருவர், கன்றுக்குட்டி விலை விழுந்த வருஷங்களில் நிலவரி கட்டியது தூண்டில்காரர்களின் காசில்தான் என்று சொன்னார். அந்தக் காசு வராமல் போயிருந்தால் நிலத்தைத் துண்டுபோட்டு வீட்டு மனையாக விற்றிருப்பார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அப்படி முளைத்த வீடுகள் தெரியும்.

தண்ணீர்ப் பங்கீடும் இதில் இருக்கிறது. கொலராடோவில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. நூற்றைம்பது வருஷம் முன்பு வாய்க்கால் வெட்டிய ரான்ச்காரர், ஆகஸ்டில் ஓடையையே வற்றவைத்து வைக்கோல் வயலுக்குத் திருப்பினாலும் சட்டப்படி சரி. மீனுக்கும் ஓடைக்கும் தண்ணீர் தேவை என்பதைச் சட்டம் ஏற்றது 1973இல்தான், அதுவும் மாநில நீர்வள வாரியம் மட்டுமே ஓடைக்குள் ஓடவேண்டிய நீருக்கு உரிமை வைத்திருக்கலாம் என்ற அளவில். அதற்கு முந்தைய உரிமைகள் எல்லாம் அதற்கு முன்னால் நிற்கும். ஆகவே, மதகை முழுக்கத் திறக்காமல் ஒரு சாண் தண்ணீரை ஓடையில் விட்டுவைக்க ரான்ச்காரருக்கு ஒரு காரணம் இருப்பது பெரிய விஷயம். ராட் பணம் அந்தக் காரணத்தைத் தருகிறது.

ஆனால் எல்லாத் தனியார் தண்ணீரும் இப்படி இல்லை. சில இடங்களில் வளர்ப்புப் பண்ணையிலிருந்து பெரிய ரெயின்போ டிரவுட்டை வாங்கிவந்து விட்டு, வேளாவேளைக்குத் தீவன உருண்டை வீசி வளர்க்கிறார்கள். வருகிற விருந்தாளிக்கு இரண்டடி மீனுடன் புகைப்படம் உறுதி. அந்த மீன் மனிதக் காலடிச் சத்தம் கேட்டால் கிட்டே வருகிறது. காட்டோடையில் இருக்கும் மீன் அந்தச் சத்தத்துக்கு ஓடி ஒளியும், அந்த ஒரு வித்தியாசம் போதும் எனக்கு. அப்படிப்பட்ட இடங்களுக்கு நான் போவதில்லை, யாரையும் அனுப்புவதும் இல்லை. அவ்வளவு பெரிய வாய்கள் நிறைந்த ஓடையில் பூச்சிகளும் சின்ன மீன்களும் என்ன பாடுபடும்?

மீனை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் விட்டதன் பலனை இந்த மாநிலம் நன்றாகவே அனுபவித்திருக்கிறது. நாங்கள் துரத்துகிற பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து 1880களில் முட்டையாகக் கப்பலேறி வந்தது. ரெயின்போ பசிபிக் கரையோர நதிகளின் மீன். இந்த மலைகளின் சொந்த மீன் கட்த்ரோட் டிரவுட், தாடைக்குக் கீழே செந்நிறக் கீற்று உள்ளது. வந்தவை இரண்டும் அதை விரட்டிவிட்டன. பிறகு 1990களில் சுழல் நோய் வந்தது. ஐரோப்பியக் கண்டத்து ஒட்டுண்ணி. பிரவுனுக்கு அதைத் தாங்கும் சக்தி பரம்பரையாக உண்டு, ரெயின்போவுக்குக் கிடையாது. முதுகெலும்பு கோணி, வாலைத் துரத்திச் சுற்றிச் சுற்றியே குஞ்சுகள் சாகும். மேல் கொலராடோ ஆற்றிலும் கன்னிசன் ஆற்றிலும் இளம் ரெயின்போக்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. ஜெர்மனியில் ஒரு வளர்ப்புப் பண்ணையில் அந்த நோயைத் தாங்கிப் பழகிய ஹோஃபர் என்ற வகையைக் கொண்டுவந்து, உள்ளூர் ரெயின்போவோடு கலந்து, மாநிலத்தின் மீன் உயிரியலாளர்கள் பல வருஷம் உழைத்துத்தான் திரும்ப உருவாக்கினார்கள். அது மாநிலம் செலவழித்த பணம், உரிமம் வாங்குகிற எல்லோருடைய பணமும். அந்த மீன் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்த்து நீந்தவில்லை. தனியார் துண்டுக்குள்ளும் போய்த்தான் பெருகுகிறது.

கிரீன்பேக் கட்த்ரோட் கதை இன்னும் உருக்கமானது. 1994இல் அதை மாநில மீனாக அறிவித்தார்கள். 2012இல் அருங்காட்சியகங்களில் சாராயத்தில் கிடந்த பழைய மீன்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, உண்மையான கிரீன்பேக் உயிரோடு இருந்தது ஒரே ஓடையில் என்று தெரிந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே பேர் கிரீக் என்ற சின்ன ஓடை. அதுவும் அந்த மீனின் பிறந்த ஓடை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைக்ஸ் சிகரத்துக்கு ஏறும் வழியில் விடுதி நடத்திய ஒருவர், வருகிறவர்களுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன்கள். யாரோ தன் விருந்தாளிகளுக்காக விட்டது, இன்று அந்த இனத்துக்கே விதைநெல். தனியார் கை பட்டதெல்லாம் கேடு என்று நான் சொல்லமாட்டேன் என்பதற்கு இதுவும் காரணம். அந்த ஓடையில் இன்று யாரும் தூண்டில் போட முடியாது. அது சரியான தடை. அந்தத் தடையைப் போட்டது பொது அரசு, காரணத்தைப் பொதுவில் சொல்லிப் போட்டது.

ரெயின்போ நம் மலைகளுக்கும் வந்த மீன்தான். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் பொரிப்பகம் அமைத்தார்கள். அதற்கு முன்பே, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் வந்துவிட்டது, 1879இல் வேட்டைக்கும் மீனுக்குமான பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மூணாறில் தோட்டத் துரைமார் ஹை ரேஞ்ச் தூண்டில் சங்கம் வைத்துக்கொண்டார்கள். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் சிலோன் ஃபிஷிங் கிளப். மூன்று மலைகளிலும் குளிர்ந்த ஓடை, மூன்றிலும் சங்கம். கொழுந்து பறித்து அந்த மலைகளை வாழவைத்த நம் சனங்களுக்கு அந்த மீனின் ருசி தெரியாது.

அமெரிக்காவில் இந்தக் கிளப் வழக்கம் கிழக்கில் தொடங்கியது. பென்சில்வேனியாவின் புளூமிங் குரோவ் கிளப் 1871இலேயே தோன்றியது. அதே மாநிலத்தில் சவுத் ஃபோர்க் மீன்பிடி வேட்டைக் கிளப் என்று ஒன்று இருந்தது. கார்னகி, ஃபிரிக், மெல்லன் போன்ற பிட்ஸ்பர்க் தொழிலதிபர்கள் உறுப்பினர்கள். மலைமேல் பழைய மண் அணை ஒன்றை வாங்கி, ஏரியை நிரப்பி, பாஸ் மீன் விட்டு வளர்த்தார்கள். வண்டிகள் போக வசதியாக அணையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் வெளியே போய்விடக் கூடாது என்று உபரிநீர் வழியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அந்தத் தடுப்பில் குப்பை அடைத்து, தண்ணீர் அணையின்மேல் ஏறி, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் செத்துப்போனார்கள். கிளப்பை எந்த நீதிமன்றமும் பொறுப்பாக்கவில்லை. மீன்பிடி கிளப்புகளைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை. மேலே தண்ணீரைப் பூட்டியவர்களின் கண் மீன்மேல் இருந்தது, கீழே இருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொல்லும் இல்லை.

பென்சில்வேனியாவிலேயே நம் காலத்தில் வேறொரு கதை நடந்தது. லிட்டில் ஜூனியாட்டா ஆற்றின் ஒரு பகுதியை ஸ்பிரிங் ரிட்ஜ் கிளப் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று அடைத்தது. அங்கே மாநில அரசின் துறைகளே வழக்குப் போட்டன. பழைய காலத்தில் இந்த ஆற்றில் சரக்கு ஏற்றிய தோணிகளும் மரக்கட்டைகளும் போயிருக்கின்றன, ஆகவே இது போக்குவரத்துக்குரிய ஆறு, அப்படிப்பட்ட ஆற்றின் தரை மக்களுக்காக மாநிலம் வைத்திருப்பது என்று வாதாடின. 2007 ஜனவரியில் ஹன்டிங்டன் கவுன்ட்டி நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று அந்த ஆற்றில் யார் வேண்டுமானாலும் இறங்கி நிற்கலாம்.

எனக்குப் பிடித்த சட்டம் மொன்டானாவுடையது. டியர்போர்ன் ஆற்றையும் பீவர்ஹெட் ஆற்றையும் பற்றிய இரண்டு வழக்குகளில் 1984இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்த வருஷமே சட்டமாக்கினார்கள். ஆற்றுத் தரை யார் பெயரில் இருந்தாலும் சரி, வெள்ளக் குறி (வழக்கமாகத் தண்ணீர் ஏறும் உச்சம் கரையில் விட்ட தடம்) வரைக்கும் மக்கள் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் ஆற்றை அடைவதற்கு ஒருவருடைய நிலத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. பாலத்தடியிலோ பொது நிலத்திலோ இறங்கு, தண்ணீரோடு நட, வெள்ளக் குறிக்கு மேலே ஏறாதே. ரான்ச்காரரின் புல்வெளி அவருடையதாகவே இருக்கிறது, ஆறு ஊருடையதாக இருக்கிறது. பணக்கார நிலக்காரர்கள் பலமுறை நீதிமன்றம் ஏறியும் அந்தச் சட்டம் நிற்கிறது. அதனால் மொன்டானாவின் டிரவுட் அழிந்தும் போகவில்லை, ரான்ச்காரர் ஓடிப்போகவும் இல்லை. நியூ மெக்சிகோவிலும் 2022இல் உச்ச நீதிமன்றம் மக்களின் பக்கம் நின்றது. ஓடையை நிலக்காரர் மூடிவைக்க மாநில ஆணையம் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. யூட்டாவில் எதிர்மாறு. அங்கே 2008இல் நீதிமன்றம் திறந்துவிட்டதை 2010இல் சட்டசபை மூடியது.

கூட்டம் பொறுக்காமல் கிளப்புக்குப் போனேன் என்று மேலே எழுதினேன். ஆனால் அந்தக் கூட்டம் என்ன செய்தது என்பதை இங்கே வந்து சில வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1980களில் டென்வர் நீர் வாரியமும் புறநகர்களும் சேர்ந்து, சவுத் பிளாட் ஆற்றின் இரண்டு கிளைகள் கூடும் இடத்தில் டூ ஃபோர்க்ஸ் என்ற பெரிய அணைக்குத் திட்டம் போட்டார்கள். கட்டியிருந்தால் டெக்கர்ஸும் சீஸ்மன் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் தண்ணீருக்குள் போயிருக்கும். கோடிக்கணக்கான டாலர் செலவில் ஆய்வுகள் முடிந்து, அனுமதிகள் வரிசையாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. எதிர்த்து நின்றவர்களில் டிரவுட் ஓடைகளைக் காக்கும் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பின் தூண்டில்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். அந்த ஆற்றில் இறங்கி நின்று பழகிய சாதாரண மனிதர்கள், கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார்கள், கடிதம் கடிதமாக எழுதினார்கள். 1990இல் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதன் தலைவர் வில்லியம் ரைலியின் காலத்தில், அந்த அணையைத் தடுத்து நிறுத்தியது.

சனிக்கிழமை காலையில் மடுவுக்கு ஒருவராக நிற்கிறார்களே, அவர்களால்தான் நிற்பதற்கு ஓர் ஆறு இருக்கிறது. அந்த ஆறு வேலி போட்ட தனியார் துண்டுகளாக இருந்திருந்தால் யார் போயிருப்பார்கள்? சில நூறு உறுப்பினர்கள், பத்துப் பதினைந்து நிலக்காரர்கள். நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு வேறு ஓடைக்குப் போயிருப்போம். நானும் போயிருப்பேன், வேறு ரான்ச்சில் முன்பதிவு செய்துகொண்டு. கிளப் ஒரு ஓடையை நன்றாகக் கவனிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஓடைக்கு ஆபத்து வருகிற நாளில், அதைப் பார்த்தே இராத லட்சம் பேர் அதற்காக எழுந்து வரமாட்டார்கள். மலைப்பனி குறைந்துகொண்டே வருகிறது, நகரங்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன, வற்றுகிற ஓடைகளுக்காகப் பேச ஆட்கள் இனிமேல்தான் அதிகம் வேண்டும்.

கொலராடோவில் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. ரோஜர் ஹில் என்ற முதியவர் ஆர்கன்சா ஆற்றில் தனக்குப் பிடித்த இடத்தில் நின்று மீன் பிடிக்கும் உரிமை கேட்டு 2018இல் வழக்குப் போட்டார். 1876இல் கொலராடோ மாநிலமான சமயத்தில் அந்த ஆற்றில் ரயில் பாதைக் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள், ஆகவே அது போக்குவரத்து ஆறு, தரை மாநிலத்தின் சொத்து என்பது அவர் வாதம். பென்சில்வேனியாவில் மாநிலம் மக்களுக்காக வழக்குப் போட்டது. இங்கே மாநில அரசு அவருக்கு எதிராக நின்று, வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஆற்றுத் தரை மாநிலத்தினுடையதா என்று கேட்க இந்தத் தனிமனிதருக்குத் தகுதி இல்லை என்று முடித்துவிட்டது. ஆறு யாருடையது என்று அது சொல்லவில்லை.

கேட்கத் தகுதி உள்ளது மாநிலத்துக்கு மட்டும் என்றால், மாநிலத்தைக் கேட்கவைக்க வேண்டும். ஜனவரியில் சட்டசபை கூடும். என் தொகுதி உறுப்பினருக்கு நான் எழுதுவது இதுதான்: மொன்டானா மாதிரி வெள்ளக் குறி வரை நடக்கும் உரிமை, ரான்ச்காரருக்குப் புல்வெளிமேல் முழு உரிமை, வேலியும் வில்லோவும் போட்டு ஓடையைக் காப்பவருக்கு உரிமக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு, முட்டையிடும் காலத்திலும் வெப்பம் ஏறும் நாளிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தடை. கிளப் உறுப்பினர் என்பதையும் அதில் எழுதுவேன், உள்ளே இருப்பவரும் கேட்கிறார் என்று தெரியட்டும். கொலராடோவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் மீன் பிடிக்காதவர்களாக இருந்தாலும் எழுதலாம். உங்கள் தொகுதி உறுப்பினர் யார் என்பது சட்டசபையின் தளத்தில் உங்கள் வீட்டு முகவரியைப் போட்டால் தெரியும்.